பொலிகாளை

காளை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அதன் முகத்தைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். கொம்பின் வளைவு, திமிலின் கருமை, மூக்கணாங்கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கும் அந்தத் திமிர், இவற்றுக்கே பாதி விலை போய்விடுகிறது. வண்டிக்கோ வாடிவாசலுக்கோ வாங்குகிறவர்களுக்கு அதில் ஒரு நியாயம் இருக்கலாம். கன்று வேண்டி வாங்குகிறவர் பின்னால் போய் நிற்கவேண்டும். பின்னங்கால்கள், முழங்கால் மூட்டின் கோணம், குளம்பின் பிளவு, தொடைகளுக்கிடையே தொங்கும் விதைப்பை ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். இது கௌரவமான காட்சி அல்ல என்பதாலோ என்னவோ, நம் இலக்கியங்கள் ஏறுகளின் நிறத்தையும் கொம்பையும் சொன்ன அளவுக்கு இதைச் சொல்லவில்லை. கலித்தொகையின் முல்லைக்கலியில் எத்தனை நிறத்துக் காளைகள் தொழுவுக்குள் நுழைகின்றன! நெல்லைச் சீமையின் முக்கூடற்பள்ளு மாடுகளின் பெயர்களையே ஒரு பட்டியலாகத் தருகிறது. கழற்சிக்கண்ணன் என்றும் மஞ்சள்வாலன் என்றும் படிக்கையில் ஒரு மந்தையே கண்முன் நடந்துபோகும். ஆனால் அவற்றில் எது சினைப்படுத்தும், எது படுத்தாது என்று பள்ளு பாடியவர் சொல்லவில்லை.

என் மைத்துனருக்கு இந்தக் கேள்வி 2024 சித்திரையில் மிகவும் அவசரமானதாக இருந்தது. தூத்துக்குடிக்கு வடக்கே, மாப்பிள்ளையூரணியின் ஓரத்தில் அவருக்குக் கொஞ்சம் நிலமும் ஒரு தொழுவமும் உண்டு. ஒரு பக்கம் வீட்டுமனைக் கற்கள், இன்னொரு பக்கம் உடைமரக்காடு, காற்று திரும்பினால் உப்பளத்தின் வாடை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையைத் தென்மாவட்டத்தார் எவரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் தொண்ணூறு சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்த மழை அது. அந்த வெள்ளத்தில் அவர் மூன்று பசுக்களையும், ஏழாண்டுகளாகத் தொழுவத்தில் நின்ற காளையையும் இழந்தார். ஐந்து நாட்டுப் பசுக்கள் மிஞ்சின. சினை ஊசி போட்டுக்கொள்ளலாமே என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. என் அக்காளின் வளையல்கள் அடகுக்குப் போயின. கண்ணபுரம் மாரியம்மன் கோயில் தேர்த்திருவிழாவை ஒட்டிக் கூடும் மாட்டுத்தாவணியில், துண்டுக்குள் விரல் பிடித்து, ஒரு காங்கேயம் காளையை முடித்துக்கொண்டு வந்தார்.

காங்கேயம் இனத்தைப் பற்றிச் சொல்லும்போது பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தைச் சொல்லாமல் கடக்க முடியாது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் மந்தையைத் தேர்ந்து பெருக்கியதன் பயனை லிட்டில்வுட் 1936-இல் தென்னிந்தியக் கால்நடைகள் பற்றி எழுதிய நூலிலும் காணலாம். பால் அதிகம் தராத இனம். வறண்ட புல்லைத் தின்று வண்டி இழுக்கப் பிறந்தது. இறுகிய குளம்பு, சிறிய அலைதாடி, வயிற்றோடு ஒட்டிய குறியுறை. இந்தக் கடைசி அடையாளத்தை நான் அழகுக்காகச் சொல்லவில்லை. உறை தொங்கினால் முள்ளில் கிழியும். கிழிந்து சீழ் வைத்த காளை பசுவின் மேல் ஏறாது. உடைமுள் நிறைந்த எங்கள் பக்கத்துக்கு அது முக்கியம்.

காளை வந்த மூன்றாம் நாள் ஊரிலிருந்து ஒரு பழைய மாட்டுத் தரகரை அழைத்திருந்தார்கள். எழுபதைத் தாண்டியவர். வாயைத் திறந்து கீழ்த்தாடையைப் பார்த்தார். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கீழே உள்ள எட்டுப் பற்களில் பால்பல் விழுந்து நிலைப்பல் எத்தனை முளைத்திருக்கிறது என்பதே வயதுக் கணக்கு. ஆறு பல். மூன்றரை வயதை ஒட்டியிருக்கும். விற்றவன் சொன்னதும் அதுவே. பிறகு கயிற்றை அவிழ்த்து நடக்கவிட்டார். முன்னங்குளம்பு பதிந்த தடத்திலேயே பின்னங்குளம்பு விழுகிறதா என்று குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனார். இதில் ஒரு பெரிய நுட்பம் இருக்கிறது. பசுவின்மேல் ஏறும்போது காளையின் முழு எடையும் பின்னங்கால்களில் நிற்கிறது. மூட்டு அரிவாள்போல் வளைந்திருந்தாலும், கம்பு நட்டதுபோல் நேராக இருந்தாலும் இரண்டொரு வருடத்தில் அது நொண்டும். விந்து எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

அதன்பிறகு சுழி. நெற்றி, முதுகு, தோள், வால்முனை என ஒவ்வோரிடமாகக் கைவைத்துத் தடவினார். முதுகில் ஏறுபூரான் இருந்தது. "இது ஒண்ணு போதும் தம்பி, வீடு ஏறும்" என்றார். இறங்குபூரான், விலங்குச்சுழி, பாடைச்சுழி எதுவும் இல்லை. சுழிக்கும் கன்று ஈனுதலுக்கும் தொடர்பு உண்டு என்று நான் நம்பவில்லை. ஆனால் சுழி தேடும் கை, தோலில் உள்ள ஒவ்வொரு தழும்பையும் கட்டியையும் கடந்துதான் போகிறது. அப்படித் தடவிக்கொண்டு போனபோதே, இடப்பக்க விலாவில் ஒரு பழைய சூட்டுத் தழும்பை அவர் கண்டுபிடித்தார். சந்தைப் பேச்சில் சுழிக்கு இன்னொரு வேலையும் உண்டு: விலையைக் குறைக்க அது ஒரு மரியாதையான வழி. மாட்டைக் குறை சொன்னால் விற்பவனுக்குக் கோபம் வரும். சுழியைக் குறை சொன்னால் விதியின்மேல் போய்விடும்.

மூன்று வாரம் கழித்துக் கால்நடை மருத்துவர் வந்தார். இளம்பெண். அதுவரை காளையைப் பசுக்களோடு விடாமல் தனியே கட்டச் சொல்லியிருந்தார். புதிதாக வந்த மாட்டை ஒரு மாதமாவது ஒதுக்கி வைத்து, கருச்சிதைவு நோயான புருசெல்லாவுக்கு இரத்தம் சோதிக்காமல் மந்தையில் சேர்ப்பது, தெரியாத ஆளிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம். இரத்தத்தில் குறை இல்லை. பிறகு விதைப்பையை இரு கைகளாலும் இறக்கிப் பிடித்து, நாடாவால் சுற்றளவு எடுத்தார். மேலைநாட்டு அளவுகோல்படி இரண்டு வயதைக் கடந்த காளைக்கு 34 சென்டிமீட்டர் வேண்டும். நம் நாட்டு மாடுகள் மெதுவாகப் பருவமடைபவை, உடலும் சிறிது. அதே அளவை அப்படியே பொருத்த முடியாது என்றார். அளவைவிட இறுக்கத்தையே அவர் கவனித்தார். வலது விதை நன்கு பழுத்த, ஆனால் கனியாத மாங்காய்போல் இருந்தது. இடது விதை சற்றுத் தளர்ந்திருந்தது. ஆசனவாய் வழியாகக் கைவிட்டு உள்சுரப்பிகளை நீவிச் சிறிது விந்து எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். முன்னோக்கி நீந்துபவை நூற்றில் முப்பதாவது வேண்டும், வடிவம் சரியாக உள்ளவை எழுபதாவது வேண்டும் என்பது அளவு. நீந்தியவை இருபதுகூட இல்லை.

மைத்துனர் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். தரகர் மட்டும் மருத்துவரிடம், "அம்மா, சுழி சுத்தமா இருக்கே" என்றார்.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிகளைத் திறக்காமலேயே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. இங்கே கடைசிக் குளிப்பு நடந்தது 1961-இல். மாட்டுச் சந்தையில் அந்த ஏலம் இன்றும் நடக்கிறது என்று எனக்கு அப்போது தோன்றியது. துண்டை எடுத்த பிறகு திருப்பிக் கொடுக்கும் வழக்கம் கிடையாது.

மருத்துவர் சொன்ன விளக்கத்தை இங்கே சற்று விரிவாகவே எழுதவேண்டும், ஏனென்றால் நல்ல காளைகள் பல இந்த இடத்தில்தான் கசாப்புக்குப் போகின்றன. காளையின் உடலில் ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 61 நாட்கள் ஆகின்றன. பின்னர் விதையை ஒட்டிய சுருள்குழாயில் முதிர்ச்சியடைய இன்னும் பத்து நாட்கள். விதை உடலைவிடக் குளிர்ந்திருந்தால்தான் இந்த வேலை நடக்கும். அதற்காகவே அது வெளியே தொங்குகிறது. கடும் வெயிலோ காய்ச்சலோ வந்தால் அப்போது உருவாகிக்கொண்டிருந்தவை கெடும், கெட்டவை வாரங்கள் கழித்தே வெளிப்படும். ஆகவே இன்று எடுத்த விந்து இன்றைய காளையைக் காட்டுவதில்லை. அது சித்திரை வெயிலில் தாவணித் திடலில் நாள்கணக்கில் நின்றதையும், ஓரிரவு லாரியில் நின்றபடி வந்ததையும் காட்டுகிறது. அம்மைத் தோல்கழலை நோய் வந்து போன காளைகளிலும் இப்படி நேர்வதுண்டு. சிலவற்றில் அது திரும்புவதே இல்லை. "எழுபது நாள் கழிச்சுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. அதுவரைக்கும் இதை நல்ல காளைன்னும் சொல்லாதீங்க, கெட்ட காளைன்னும் சொல்லாதீங்க" என்றார்.

எழுபது நாள் என்பது சொல்வதற்கு எளிது. பசு இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். ஐந்து பசுக்கள் மும்மூன்று முறை கத்திவிட்டு ஓயவேண்டும். அதிலும் மூத்த பசுவுக்கு அதுவே கடைசி ஈற்றாக இருக்கக்கூடும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இதற்கிடையில் தீவனத்தில் ஒரு சண்டை வந்தது. காளைக்கு வலுவூட்ட ஆட்டிய பருத்திக்கொட்டைப்பாலை வாளி வாளியாகக் கொடுக்கச் சொன்னார் தரகர். கரிசல்காட்டு வழக்கம் அது. உழவு மாட்டுக்கு அதைவிட நல்லது எதுவும் இல்லை. ஆனால் பருத்திக்கொட்டையில் காசிப்பால் என்றொரு நஞ்சு உண்டு. சீனாவில் 1970-களில் ஆண்களுக்கான கருத்தடை மருந்தாகவே அதைச் சோதித்துப் பார்த்தார்கள். மாட்டின் இரைப்பை அதில் பெரும்பகுதியைக் கட்டிப்போட்டுவிடும் என்றாலும், பொலிகாளைக்கு அளவு மீறினால் விந்தணு கெடும். ஏர் இழுக்கும் எருதுக்குக் காயடித்துவிடுவதால் இந்தக் குறையை நம் முன்னோர் கவனிக்க வாய்ப்பே இருந்திருக்காது என்பது என் ஊகம். அதேபோல் சீமைக்கருவேல நெற்று. இனிப்பாக இருக்கும், மாடுகள் தேடித் தின்னும், அதுவே முழு உணவானால் தாடை நடுங்கத் தொடங்கிவிடும். இரண்டையும் குறைத்து, சோளத்தட்டையும் பச்சைப்புல்லும் தாது உப்பும் கொடுத்து, கீற்றுக்கொட்டகையின் நிழலில் காளையைக் கட்டினார் மைத்துனர். உச்சிவெயிலில் அதன்மேல் நல்ல தண்ணீர் ஊற்றினார். குடிக்கவே லாரித் தண்ணீரை எதிர்பார்க்கும் ஊரில் அது சிறிய காரியமல்ல.

ஆடியில் மறுபடியும் மருத்துவர் வந்தார். இடது விதையின் தளர்ச்சி பெரும்பாலும் போயிருந்தது. நுண்ணோக்கியில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் நீந்தின. என்னையும் பார்க்கச் சொன்னார். கொதிக்கும் உலையில் அரிசி சுழல்வதுபோல் இருந்தது.

காளையைப் பசுக்களோடு விட்டார்கள். கார்த்திகையில் கைவிட்டுப் பார்த்ததில் நான்கு பசுக்கள் சினை. மூத்ததற்கு நிற்கவில்லை. அதை விற்றுவிடலாம் என்று வந்த வியாபாரியை என் அக்காள் வாசலோடு அனுப்பிவிட்டாள். வளையல்களில் இரண்டு இன்னும் அடகில்தான் இருக்கின்றன.

2025 வைகாசிக்குள் நான்கும் ஈன்றுவிட்டன. மூன்று கிடேரி, ஒரு காளைக்கன்று. நான்குமே செம்பழுப்பு. மயிலைக் காளைக்குச் செவலைக் கன்றுகளா என்று அக்கம்பக்கத்தில் ஒரு பேச்சு எழுந்தது. காங்கேயக் கன்று செம்பழுப்பாகப் பிறந்து ஆறு மாதத்தில்தான் சாம்பல் ஏறும் என்று தரகர் தெருவில் நின்று எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார். இந்தக் கிடேரிகள் பருவத்துக்கு வருவதற்குள், இன்னும் இரண்டு மூன்று வருடங்களில், இந்தக் காளையை வேறொரு தொழுவத்துக்கு மாற்றியாகவேண்டும்; தகப்பனே மகள்களோடு சேரக்கூடாது. அப்போது வாங்க வருகிறவர் எந்தப் பக்கம் நின்று பார்க்கிறார் என்று கவனிக்கப்போவதாக மைத்துனர் சொல்லியிருக்கிறார்.