அகமதாபாத்தில் நடந்த உள்ளூர் ஆட்டம்

வள்ளூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் ஒரு புறத்தில் 1500 மெகாவாட் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும், மறுபுறத்தில் கொசஸ்தலை ஆற்றை நோக்கித் தாழ்ந்து செல்லும் உவர்நிலமும் தெரியும். இவ்விரண்டுக்கும் நடுவே, சீமைக்கருவேல் புதர்களை வெட்டித் தள்ளி எங்கள் தெருப் பிள்ளைகள் தாங்களே உண்டாக்கிக்கொண்ட திடல் ஒன்று இருக்கிறது. சவுக்குக் கம்புகளே அங்கே கோல் கம்பங்கள். உப்புப் பூத்த அந்த மண்ணில் சுண்ணாம்புக் கோடு நிற்பதில்லையாகையால், பந்து எல்லையைத் தாண்டிற்றா இல்லையா என்பதை வாய்ப்பேச்சிலேயே தீர்த்துக்கொள்வார்கள். மாலை ஐந்து மணிக்குத் தொடங்கும் ஆட்டம், இருட்டில் பந்து எது, தலை எது என்று புலப்படாமல் போகும்வரையில் நடக்கும். வீடு திரும்பும் பையன்களின் முழங்கால்களில் சாம்பலும் உப்பும் சேர்ந்து வெள்ளை வெள்ளையாகக் காய்ந்திருக்கும். அதைக் கழுவும்போது அவர்கள் பல்லைக் கடித்துக்கொள்வதை நான் பல நாள் பார்த்திருக்கிறேன்.

தமிழ்நாடெங்கும் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு திரியும் காலத்தில், வடசென்னை மட்டும் கால்பந்தின்மேல் வைத்த அபிமானத்தை விடாமல் காத்து வருகிறது என்பது வெளியூரார் பலருக்குத் தெரியாத செய்தி. துறைமுகமும், ரயில்வே பணிமனைகளும், ஆலைகளும், மீனவர் குப்பங்களும் நெருக்கியடித்து நிற்கும் இந்தப் பிரதேசத்தில், ஒரே ஒரு பந்தை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு பேர் விளையாடலாம் என்ற சௌகரியமே இந்த ஆட்டத்தை எங்களுடையதாக்கியது போலும். வியாசர்பாடியின் சந்துகளில் பந்து உதைத்து வளர்ந்த தன்பால் கணேஷ் இந்திய அணிவரை சென்றார். 2018 மார்ச் 13 அன்று, ஐ.எஸ்.எல். என்னும் இந்தியன் சூப்பர் லீக் போட்டியின் அரையிறுதியில் கோவா அணிக்கு எதிராக, பெரியமேட்டு நேரு அரங்கில் அவர் ஒரு கோல் போட்ட கணத்தில் நானும் என் சகோதரியின் மகனும் கூட்டத்தில் இருந்தோம். நம் ஊர் அணியான சென்னையின் எஃப்.சி. அன்று மூன்றுக்குப் பூஜ்யம் என்று வென்றது. முன்பின் தெரியாத ஒரு பெரியவர், கையில் வேர்க்கடலைப் பொட்டலத்தோடு, "நம்ம பையன்யா! நம்ம வியாசர்பாடி பையன்!" என்று என் தோளைப் பற்றிக் குலுக்கிய குலுக்கலில் கடலையெல்லாம் என் மடியில் கொட்டிப்போயிற்று. நான்கு நாள் கழித்து பெங்களூரு கண்டீரவா அரங்கில், பெங்களூரு அணியை மூன்றுக்கு இரண்டு என்று வென்று, 2015ஆம் ஆண்டுக்குப் பிறகு இரண்டாம் முறையாக நம் அணி கோப்பையை ஏந்தியது. மைல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிய இரண்டு கோல்களும், ரஃபேல் அகஸ்டோ உதைத்த ஒன்றும் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கின்றன.

கோப்பையோடு வேறொரு பாக்கியமும் கிடைத்தது. அவ்வெற்றியின் பலனாக, மறு ஆண்டில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஏ.எஃப்.சி. கோப்பைக்கான தகுதிச் சுற்றில் ஆடும் உரிமை சென்னையின் அணிக்கு வாய்த்தது. ஐரோப்பாவில், உள்நாட்டு லீக்கில் வென்ற அணி மறு ஆண்டில் கண்டத்துப் போட்டியில் பிற தேசத்து அணிகளைச் சந்திப்பது நெடுங்கால வழக்கம். நமக்கோ அது புதிது. கொழும்பிலிருந்தும் டாக்காவிலிருந்தும் காட்மாண்டுவிலிருந்தும் அணிகள் சென்னைக்கு வரும், அத்திப்பட்டுப் புதுநகரில் மின்சார ரயிலேறி, எண்ணூர், திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை என்று கடந்து மூர்மார்க்கெட் நிலையத்தில் இறங்கிப் பொடிநடையாய்ப் போய் அவர்களைப் பார்க்கலாம் என்று நாங்கள் அந்தக் கோடை முழுவதும் பேசிக்கொண்டிருந்தோம்.

ஆனால் 2018-19 பருவம் தொடங்கியதும் ஏதோ கிரகம் மாறியதுபோல் எல்லாம் தலைகீழாயிற்று. முழங்காலில் அடிபட்ட தன்பால் கணேஷால் அந்தப் பருவத்தில் களமிறங்க இயலவில்லை. முந்தைய ஆண்டின் நாயகர்கள் கால் தளர்ந்து காணப்பட்டார்கள். பதினெட்டு ஆட்டங்களில் இரண்டே வெற்றி, மூன்று சமநிலை, பதின்மூன்று தோல்வி. ஒன்பது புள்ளிகளோடு பத்து அணிகளில் பத்தாவது இடம். சாம்பியன் பட்டத்தைச் சூடியிருந்த அணி மறு ஆண்டே பட்டியலின் அடியில் கிடந்தது. உள்ளூரில் நாங்கள் கண்ட வெற்றி ஒன்றே ஒன்று: 2019 பிப்ரவரி 9 அன்று பெங்களூருவை இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. நெடுநாள் கோல் காணாதிருந்த ஜெஜே லால்பெக்லுவா அன்று பந்தை வலைக்குள் தள்ளியபோது, மிஸோரம் மலைநாட்டிலிருந்து வந்த அந்தப் பிள்ளைக்காக என் பக்கத்திலிருந்த மீன்பிடித் தொழிலாளி ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தோற்ற இரவுகளில் மூர்மார்க்கெட்டிலிருந்து கடைசி வண்டிகளில் திரும்பும்போது, நீலச் சட்டை அணிந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவார்கள். ஆனாலும் அடுத்த ஆட்டத்தன்று அதே முகங்களை அதே பெட்டியில் காணலாம். இந்த விசுவாசத்தைவிடப் பெரிய செல்வம் ஒரு கால்பந்து அணிக்கு வேறில்லை என்பதே என் துணிபு.

அந்த மார்ச் மாதத்தின் ஒரு வாரத்தை மட்டும் தனியே சொல்ல வேண்டும். 6ஆம் தேதி ஏ.எஃப்.சி. கோப்பைத் தகுதிச் சுற்றில் சென்னையின் அணி கொழும்பு எஃப்.சி.யோடு கொழும்பில் ஆடிக் கோலின்றிச் சமன் செய்தது. 9ஆம் தேதி, மற்றொரு லீக்கான ஐ-லீகில், சென்னை சிட்டி எஃப்.சி. என்ற நம் மாநிலத்து இன்னோர் அணி, மினர்வா பஞ்சாபைக் கோயம்புத்தூரில் மூன்றுக்கு ஒன்று என்று வென்று, ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம் பெற்று இந்தியாவின் சாம்பியனாயிற்று. 13ஆம் தேதி ஜெஜேயின் ஒற்றைக் கோலால் கொழும்பு வெளியேற, சென்னையின் அணி ஏ.எஃப்.சி. கோப்பையின் பிரதானச் சுற்றுக்குள் நுழைந்தது. ஒரே வாரத்துக்குள் தமிழ்நாட்டுக் கால்பந்துக்கு இத்தனை நிகழ்ந்ததை நான் அதற்குமுன் கண்டதில்லை. இதைக் கொண்டாட ஊரில் ஒரு பட்டாசும் வெடிக்கவில்லையே என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது.

வெடிக்காததற்குக் காரணம் உண்டு. 13ஆம் தேதி காலையில் என் மருமகன் வந்து சொன்னான்: "மாமா, இன்னிக்கு நமக்கு ஹோம் மேட்ச். ஆனா அகமதாபாத்துல." முதலில் எனக்கு விளங்கவில்லை. அட்டவணையில் உள்ளூர் ஆட்டம் என்றே போட்டிருந்தது. அரங்கு மட்டும் குஜராத்தில். தகுதிச் சுற்றின் அந்த ஆட்டமும், அதன்பின் பிரதானச் சுற்றில் மினர்வா, மனாங் மர்ஸ்யாங்டி, டாக்கா அபாஹானி ஆகிய அணிகளோடு நடந்த மூன்று உள்ளூர் ஆட்டங்களும் அங்கேயே நடந்தன. சென்னையிலிருந்து அகமதாபாத்துக்கு ரயிலில் ஒன்றரை நாள். அங்கே செல்லும் நவஜீவன் எக்ஸ்பிரஸ் எங்கள் அத்திப்பட்டுப் புதுநகர் நிலையத்தின் வழியாகத்தான் போகிறது, நிற்பதில்லை. வெறுமனே தடதடத்துக்கொண்டு கடந்து செல்லும் அந்த வண்டியை, நடைமேடையில் நின்று, அதுவரை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த ஆண்டில்தான் அதைப் பார்த்தபோது நெஞ்சில் ஏதோ செய்தது.

ஆட்டங்களை மருமகனின் கைப்பேசியில் பார்த்தோம். ஏப்ரல் 30 அன்று அபாஹானியை அனிருத் தாபாவின் ஒரு கோலால் வென்றது மிக நல்ல ஆட்டம். ஆனால் அந்தச் சிறிய திரையில் பந்து கம்பத்தில் பட்டு எழும் ஒலிகூடத் தனியே கேட்டது. நேரு அரங்கின் முழக்கத்தில் அது ஒருநாளும் எங்கள் காதில் விழுந்ததில்லை. லீக்கில் கடைசியில் நின்ற அந்த அணி ஆசியப் போட்டியில் ஓங்கி ஆடியதையும், இடையில் ஏப்ரல் 13 அன்று புவனேஸ்வரத்தில் சூப்பர் கோப்பையின் இறுதி ஆட்டம்வரை சென்று கோவாவிடம் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றதையும் எண்ணும்போது, லீக் அட்டவணையின் கடைசி வரியை மட்டும் பார்த்து ஓர் அணியின் ஆண்டை எடைபோடுகிறவர்கள் பாதிக் கதையைத்தான் படிக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

உள்நாட்டு லீக்கையும் கண்டத்துப் போட்டியையும் ஒருசேர ஆடும் விஷயத்தில் ஸ்வீடன் தேசத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. அங்கே பனியின் கடுமையால் லீக் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலத்தின் முடிவில் நிறைவுறும். ஐரோப்பியப் போட்டிகளின் பருவமோ வேறு. ஆகவே அந்நாட்டு அணிகள் இரண்டு காலக்கணக்குகளுக்கிடையே ஓடியாட வேண்டியிருக்கிறது. ஆயினும், 1982இல் கோதன்பர்க் நகரத்து அணி, அதன் ஆட்டக்காரர்களில் பலர் வேறு தொழில் செய்து பிழைத்துக்கொண்டிருந்த நிலையிலேயே, ஜெர்மனியின் ஹாம்பர்க்கை உள்ளூரில் ஒன்றுக்குப் பூஜ்யமும் வெளியூரில் மூன்றுக்குப் பூஜ்யமும் என்று வென்று யுஇஎஃப்ஏ கோப்பையைக் கைப்பற்றியது. 1987இல் மறுபடியும் வென்றது. 2025இல் அந்நாட்டு லீக்கை முதன்முறையாக வென்றது மியெல்பி என்னும் அணி. அதன் திடல் ஹெல்லெவிக் என்ற மீனவச் சிற்றூரில், கடலோரத்தில் இருக்கிறது. காசிமேட்டையும் எண்ணூர்க் குப்பங்களையும் அறிந்தவனுக்கு இந்தச் செய்தியைப் படித்ததும் உடல் சிலிர்த்தது. அந்நாட்டு விளையாட்டுக் கழகங்களில் பெரும்பான்மைப் பங்கு உறுப்பினர்களுடையதாகவே இருக்க வேண்டுமென்பது விதி. திடல் எங்கே, மக்கள் எங்கே, அணி எங்கே என்ற கேள்விக்கு அங்கே ஒரே விடை. நம் ஊரில் அணியின் உடைமை வேறு வகை என்பது வாஸ்தவம். ஆனாலும் வேர்க்கடலையைச் சிதறவிட்ட அந்தப் பெரியவருக்கு நம் அணியில் ஒரு பங்கு உண்டென்பதை யாரும் மறுக்க முடியாது.

மீண்டும் நம் அணியின் ஆசியப் போட்டிக்கு வருகிறேன்: 2019 ஜூன் 26இன் இரவை மறப்பதற்கில்லை. மே மாதத்தில் டாக்கா சென்ற நம் அணி, ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு கோலை விட்டு, இரண்டுக்கு மூன்று என்று அபாஹானியிடம் தோற்றிருந்தது. குவாஹாத்தியில் மினர்வாவோடு சமன் செய்திருந்தது. கடைசி நாளில் அபாஹானிக்குப் பத்துப் புள்ளி, நமக்கு எட்டு. பிரிவில் முதலிடம் பெறும் ஓர் அணிக்கு மட்டுமே மேற்சுற்று. நாம் காட்மாண்டுவில் மனாங்கை வென்று, குவாஹாத்தியில் அபாஹானி மினர்வாவோடு சமன் செய்தால், இரு அணிகளும் பதினொன்றில் நிற்கும். தங்களுக்குள் ஆடிய இரண்டு ஆட்டங்களின் கோல்களும் மூன்றுக்கு மூன்று. ஆனால் டாக்காவில் நாம் போட்ட இரண்டு வெளியூர்க் கோல்கள் நம்மை முன்னே நிறுத்திவிடும். இந்தக் கணக்கை மருமகன் மின்கட்டண ரசீதின் பின்புறத்தில் பென்சிலால் போட்டுக் காட்டினான். நம் அணி மூன்றுக்கு இரண்டு என்று வென்றது. குவாஹாத்தியில் தொண்ணூறு நிமிஷம் கோல் இல்லை. கூடுதல் நிமிஷங்களில், அபாஹானியின் ஆப்கானிய வீரர் மஸிஹ் சயிகானி பந்தை வலைக்குள் அனுப்பினார்; பங்களாதேச அணி ஒன்று முதன்முறையாக மேற்சுற்றுக்குச் சென்றது; நாம் பதினொரு புள்ளியோடு நின்றுவிட்டோம். மருமகன் ஒன்றும் பேசவில்லை. அந்த ரசீதை மடித்து என் சட்டைப்பையில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டான். இன்றும் அது என் அலமாரியில் இருக்கிறது.

மறு பருவத்தில் அதே சயிகானி நம் அணியின் நீலச் சட்டையை அணிந்து நேரு அரங்கில் ஆடினார். நாங்கள் மனமார வரவேற்றோம். அந்த ஆண்டு ஓவன் கோய்ல் பயிற்சியாளராக வந்து, தடுமாறிக்கொண்டிருந்த அணியைத் தூக்கி நிறுத்தி, இறுதி ஆட்டம்வரை கொண்டுபோனதும், 2020 மார்ச் 14 அன்று தொற்றுநோய் அச்சத்தால் பார்வையாளரில்லாத கோவா அரங்கில் அவ்வாட்டம் நடந்து நாம் தோற்றதும் பலர் அறிந்த செய்தி. அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஐ-லீக் வென்ற சென்னை சிட்டி அணியும் ஆசிய சாம்பியன் போட்டியின் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் அல்-ரிஃபாவோடு ஆடி ஒரு கோலில் தோற்றது. அதுவும் உள்ளூர் ஆட்டமே; அதுவும் அகமதாபாத்திலேயே.

கால்பந்தை நிர்வகிக்கும் பெரியோர்களுக்கும், அரங்குகளை வைத்திருக்கும் அரசாங்கத்தாருக்கும் வள்ளூரிலிருந்து ஒரு விண்ணப்பம். ஆசியப் போட்டியில் ஆடும் பாக்கியம் நம் அணிக்கு மீண்டும் கிட்டுமானால், விளக்குகளையும் புல்லையும் அறைகளையும் முன்கூட்டியே செப்பனிட்டு, உள்ளூர் ஆட்டத்தைப் பெரியமேட்டிலேயே நடத்துங்கள். அத்திப்பட்டுப் புதுநகரிலிருந்து மாலை வண்டியில் நாங்கள் வந்துவிடுகிறோம்.