ஆட்டத்தில் ‘நான்’

பல்லாங்குழியில் தோற்ற பெண், ‘நான் தோற்றுப் போனேன்’ என்பாள். கேரம் பலகையில் தோற்றவனும் அப்படித்தான் சொல்வான். கைபேசியில் ஆடும் பிள்ளையோ, ‘நான் செத்துப் போயிட்டேன்’ என்கிறான். சொல்லிவிட்டு, உம்மா தட்டில் வைத்த இட்டிலியை எடுத்துத் தின்கிறான். கடலூர் முதுநகரிலும் சரி, சிதம்பரத்திலும் சரி, நாம் சென்று தங்கும் உறவினர் இல்லங்களில் எல்லாம் இந்த வாசகத்தைக் கேட்டுவிட்டோம். ‘வாயில் நல்ல வார்த்தையே வராதா?’ என்று பெரியவர்கள் அதட்டுகிறார்கள். நம் கவனமோ அந்த ‘நான்’ என்னும் சொல்லின் மீதே சென்றது. செத்தது யார்? திரையில் ஓடிய ஓர் உருவம். அந்த உருவத்துக்குப் பிள்ளை வைத்திருக்கும் பெயர் ‘நான்’.

அவ்வுருவத்தைப் பிள்ளைகள் கேரக்டர் என்கிறார்கள். நாடகத்தில் பாத்திரம் என்போமே, அதுதான். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. நாடகப் பாத்திரம் செய்ய வேண்டியதை எல்லாம் ஆசிரியர் எழுதி முடித்துவிட்டார். இங்கே ஓடுவதும் ஒளிவதும் சுடுவதும் பிள்ளையின் விரல்கள். ஆனால் யாரை நோக்கிச் சுடலாம், எதை வாங்கலாம், எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்கு ஏறலாம் என்பவற்றைக் கண்காணாத தேசத்து அலுவலகம் ஒன்றில் அமர்ந்து முன்னரே வகுத்துவிட்டார்கள். ஆகவே, ‘எவ்வளவு நேரமாக ஆடுகிறாய்?’ என்று மட்டும் கேட்கும் பெற்றோர் பாதிக் கேள்வியைத்தான் கேட்கிறார்கள் என்பது நம் கருத்து. யாராக ஆடுகிறாய், இந்த ஆட்டத்துக்கு முடிவு உண்டா என்பவை மீதிக் கேள்விகள்.

இவை புதிய கேள்விகளும் அல்ல. நம் பகுதித் திண்ணைகளில் கரிக்கட்டியால் கோடு கிழித்து ஆடிய ஆடுபுலி ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். புலிகள் 3, ஆடுகள் 15. ஆட்டுக்காரர் ஒவ்வொன்றாகக் காய்களை இறக்குவார். புலி தாண்டிக் குதித்து ஆட்டை வெட்டும். ஆடுகள் ஒன்றுகூடிப் புலியை நகரவிடாமல் அடைத்துவிட்டால் வெற்றி ஆட்டுக்கு. இரு தரப்புக்கும் வலிமை வேறு, உபாயம் வேறு. புலிக்குப் பாய்ச்சல் போதும். ஆட்டுக்குப் பொறுமை வேண்டும். ஓர் ஆட்டம் முடிந்ததும் தரப்பை மாற்றிக்கொள்வார்கள். சற்றுமுன் புலியாக உறுமியவன் இப்போது ஆடாக நின்று, எந்தக் காய் வெட்டுப்படுமோ என்று அஞ்ச வேண்டும். இந்த மாற்றத்தை யாரும் ஒரு பாடமாகச் சொல்லித் தரவில்லை. எப்போதும் நீயே புலியாக இருப்பாயா என்று எதிரில் இருப்பவன் சண்டைக்கு வருவான், அவ்வளவுதான்.

தாயக்கட்டைக்கு நம் இல்லங்களில் அவ்வளவு வரவேற்பு இருந்ததில்லை. பகடையைப் பற்றிய நபிமொழியின் எச்சரிக்கை பெரியவர்கள் மனத்தில் நின்றது. எனினும் பரமபத அட்டையை அறியாதவர் இப்பகுதியில் யார்? வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காக இந்துச் சகோதரர்கள் ஆடுவது அது. ஏணியில் ஏறுவதும் பாம்பின் வாயில் விழுவதும் அண்டை வீட்டுப் பிள்ளைகள் வழியாக எல்லோர்க்கும் தெரிந்தவை.

ஆனால் அதே வடிவில் ஸூஃபிகளிடமும் ஒரு பலகை இருந்தது என்பதை நம்மில் பலர் அறியார். ‘ஷத்ரஞ்சுல் ஆரிஃபீன்’, அதாவது மெய்ஞ்ஞானிகளின் சதுரங்கம் என்று அதற்குப் பெயர். இப்னு அரபி அவர்களோடு அதைச் சேர்த்துச் சொல்வது மரபு. டமாஸ்கஸ் நகரில் வாழ்ந்து 1961இல் மறைந்த ஷெய்கு முஹம்மது அல்ஹாஷிமி அவர்கள் அதற்கு ஒரு விளக்கவுரையே எழுதினார்கள். கட்டங்களில் நற்குணங்களின் பெயர்களும் தீக்குணங்களின் பெயர்களும் இருக்கும்; ஆணவத்தில் கால் வைத்தவன் கீழே சறுக்குவான். ஆன்மிகப் பாதையின் தங்குமிடங்களை ‘மகாம்’ என்பர். பலகையின் ஏற்றம் அந்த மகாம்களின் ஏற்றமே. அங்கே நகரும் காய்க்குத் தனிப்பெயர் இல்லை, ஆடை அலங்காரம் இல்லை. அது யாராகவும் இருக்கலாம். அதன் பாதைக்கு ஓர் எல்லையும் உண்டு.

இக்காலத்துப் பிள்ளைகள் சொல்லும் ‘லெவல்’ வேறொரு வழியில் வந்தது. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டனர். காகிதமும் பென்சிலும் பகடையுமே கருவிகள். ஆடுபவர் போர்வீரனாகவோ மந்திரவாதியாகவோ ஒரு பாத்திரத்தைத் தேர்ந்து, அனுபவப் புள்ளிகளைச் சேர்த்துச் சேர்த்து அடுத்த நிலைக்கு உயர்வார். இன்று கைபேசியில் ஏறும் எண்களுக்கெல்லாம் அதுவே மூதாதை. 1980இல் ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தில் தோரு இவாதானி படைத்த பேக்மேனும், 1981இல் ஷிகேரு மியாமோட்டோ படைத்த, பின்னாளில் மாரியோ எனப் பெயர் பெற்ற தச்சனும் இயந்திரத் திரைக்கு முகத்தைக் கொடுத்தார்கள்.

சூப்பர் மாரியோ 1985இல் வெளிவந்தது. சில ஆண்டுகள் கழித்து, தொலைக்காட்சிப் பெட்டியில் இணைக்கும் மலிவான கருவிகள் நம் ஊர்களுக்கும் வந்தன. சிதம்பரத்தில் மணிக்கணக்கில் வாடகைக்கு ஆடவிடும் ஒரு சிறு கடையில், நம் உறவினர் வீட்டு இளைஞர்கள் வரிசையில் நின்றதைக் கண்டிருக்கிறோம். 8 உலகங்கள், ஒவ்வொன்றிலும் 4 கட்டங்கள், ஆக 32. தொடக்கத்தில் கையில் 3 உயிர். அவை தீர்ந்தால் முதல் படிக்கே திரும்ப வேண்டும்; காசு தீர்ந்தால் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். 32ஆம் கட்டத்தை முடித்தவன் அத்தெருவில் ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். பிறகு அந்தக் கடைப்பக்கம் அவன் போகவில்லை. போவதற்குக் காரணம் இல்லை; ஆட்டம் முடிந்துவிட்டது.

முடிவே வகுக்கப்படாத ஆட்டங்களும் அக்காலத்தில் இருந்தன. ஆயினும் இயந்திரமே களைத்துவிடும். பேக்மேனின் 256ஆம் கட்டத்தில் திரையின் ஒரு பாதி குப்பையான எழுத்துகளாகிவிடும். 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸ் ஆட்டத்தின் பழைய நின்டெண்டோ வடிவத்தில், அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்துச் சிறுவன் ஒருவன் 2023 டிசம்பரில் 157ஆம் நிலையை எட்டினான். இயந்திரம் உறைந்து நின்றது. அவனுக்கு வயது 13. அம்மாதம்தான் அவன் தந்தை இறந்திருந்தார். அந்த வெற்றியை அவருக்கே காணிக்கையாக்கினான். விளையாட்டு வீண் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுபவர்கள் இந்தச் செய்தியை எப்படி எடுத்துக்கொள்வார்களோ, அறியோம்.

இப்போதைய கைபேசி ஆட்டங்களின் கணக்கு வேறு. பப்ஜி என்று நாடறிந்த ஆட்டத்தை 2020 செப்டம்பரில் இந்திய அரசு தடை செய்தது. 2021 ஜூலையில் அதுவே வேறு பெயரில், பச்சை நிற இரத்தத்தோடு திரும்பி வந்தது. விமானத்திலிருந்து 100 பேர் ஒரு தீவில் குதிப்பார்கள். கடைசியில் மிஞ்சுபவர் வென்றவர். வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம், வைரம் என்று படிகள் உண்டு. அவற்றுக்கு மேலும் உண்டு. இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை போலச் ‘சீசன்’ முடியும். முடிந்ததும் ஏறியவர் அனைவரையும் சில படிகள் கீழே இறக்கிவிடுவார்கள். பரமபதத்துப் பாம்பாவது அதன் வாயில் கால் வைத்தவனை மட்டுமே விழுங்கும்! இந்தப் பாம்பு நாள் குறித்து வருகிறது. குற்றம் செய்தவன், செய்யாதவன் என்ற பேதம் பார்ப்பதில்லை. வைரத்தில் இருந்த பையன் மீண்டும் வைரமாக வேண்டும் என்று இரவைப் பகலாக்கினால், அவனை மட்டும் பேராசைக்காரன் என்று ஏசுவது நீதியாகாது. அவன் வீடு திரும்பும் வழியை அடைத்துவிட்டல்லவா படிக்கட்டைக் கட்டியிருக்கிறார்கள்?

பணமும் இதில் நுழைந்துவிட்டது. உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத பெட்டிக்குப் பணம் கட்டித் திறக்க வேண்டும். அரிய சட்டை வந்தாலும் வரும், வராமலும் போகும். பகடையைக் கையால் தொடாத வீடுகளில் பகடை இப்படி ஓசையின்றி உருள்கிறது. இத்தகைய பெட்டிகளில் சில சூதாட்டமே என்று பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் அறிவித்தது. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டமும், நாடாளுமன்றம் 2025இல் இயற்றிய சட்டமும் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களையே முதன்மையாகக் குறிவைக்கின்றன. பிள்ளையின் கைபேசியில் உள்ள பெட்டியைக் கண்காணிக்கும் வேலை இன்னும் பெற்றோர் தலையில்தான் இருக்கிறது.

இனி, ‘யாராக’ என்னும் கேள்விக்கு வருவோம். 2020 ஜூனில் அதே பப்ஜியில் ஒரு புதிய பகுதியைச் சேர்த்தார்கள். அதில் ஆட்டக்காரரின் பாத்திரம் ஒரு சிலையின் முன் மண்டியிட்டால் இழந்த வலிமை திரும்பும். உலகெங்கும் முஸ்லிம் ஆட்டக்காரர்கள் மனம் கொதித்தனர். நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அதை நீக்கியது. வெறும் பொம்மைதானே, அது மண்டியிட்டால் உனக்கென்ன என்று சிலர் அன்று கேலி பேசினார்கள். செத்தால் ‘நான் செத்தேன்’ என்று சொல்பவன், மண்டியிட்டால் மட்டும் ‘அது மண்டியிட்டது’ என்று எப்படிச் சொல்வான்?

இதைவிட ஆழமான ஒன்று உண்டு. அதற்கு எதிராக அவ்வளவு கூச்சல் எழுந்ததாகத் தெரியவில்லை. 2001க்குப் பின் வந்த போர் ஆட்டங்கள் பலவற்றின் களம் அரபு நகரங்களே. 2004இல் ஈராக்கின் ஃபலூஜா நகரில் நடந்த போரை அமெரிக்கப் படைவீரனின் கண்ணால் ஆடும் ஆட்டம் ஒன்றை 2009இல் அறிவித்தார்கள். எதிர்ப்பு எழவே, வெளியிடுவதாக இருந்த நிறுவனம் விலகிக்கொண்டது. 2023இல் அது விற்பனைக்கு வந்தேவிட்டது. உமர் என்றும் ஹம்ஸா என்றும் பெயர் சூட்டப்பட்ட நம் பிள்ளைகள், உமரையும் ஹம்ஸாவையும் ஒத்த பெயருடையோர் வாழும் தெருக்களில் துப்பாக்கி ஏந்தி நடக்கிறார்கள். இங்கே தரப்பு மாறுவது கிடையாது. ஓர் ஆட்டம் முடிந்தபின், ‘இப்போது நான் அந்த வீட்டுக்குள் ஒளிந்திருப்பவன், நீ படைவீரன்’ என்று சொல்ல வழியில்லை. திண்ணையில் ஆடாகவும் இருந்து பார்த்த பிள்ளை பெற்ற ஒன்றை, இந்தப் பிள்ளை பெறாமலே போகிறான்.

நிலைமை முழுதும் இருண்டுவிடவுமில்லை. மார்வெல் நிறுவனத்தின் கதைப்படி 2020இல் வந்த ‘அவெஞ்சர்ஸ்’ ஆட்டத்தில் கமலா கான் என்னும் பாகிஸ்தானிய வழிவந்த அமெரிக்க முஸ்லிம் சிறுமி முதன்மைப் பாத்திரம். 2023இல் வந்த ‘அசாசின்ஸ் கிரீட் மிராஜ்’ ஆட்டத்தில் 9ஆம் நூற்றாண்டின் அப்பாஸியப் பக்தாதில் பாஸிம் என்ற இளைஞனாக உலவலாம். அரபு மொழியிலேயே ஆடலாம். அதிலும் கத்தியும் கொலையும் உண்டு; அதை நாம் மறைக்கவில்லை. ஆயினும் நூலகமும் சந்தையும் தோட்டமுமாகப் பக்தாத் எழுந்து நிற்பதைத் திரையில் காணும் பிள்ளைக்கு, அந்நகரம் சுடுவதற்கான இடமாக மட்டும் தோன்றாது.

கடலூர் முதுநகரில் நமக்கு நெருங்கிய உறவான ஒரு குடும்பம். தந்தை சவூதியின் தம்மாமில் பணிபுரிகிறார். மகன் ஒன்பதாம் வகுப்பு. பையன் இரவு பதினொன்றரைக்கு மேல் கைபேசியோடு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறான், நீங்கள் சொன்னால் கேட்பான் என்று அவன் தாயார் நம்மை அழைத்திருந்தார். மாடிக்குச் சென்றோம். பையன் காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு, ‘வாப்பா, இடப்பக்கம் ஆள் இருக்கு, குனிஞ்சுக்கோங்க’ என்று சொல்லிக்கொண்டிருந்தான். தம்மாமில் அப்போது மணி ஒன்பது. தந்தை வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் நேரம்.

அவர்கள் அணியின் அந்த ஆட்டம் முடியும் வரை காத்திருந்தோம். பையனுடைய பாத்திரம் கண்ணைப் பறிக்கும் மஞ்சள் சட்டை அணிந்திருந்தது. ஒளிந்து ஒளிந்து ஆட வேண்டிய ஆட்டத்தில் மஞ்சள் சட்டை எதற்கு, எதிரி எளிதில் பார்த்துவிட மாட்டானா என்று கேட்டோம்.

‘பாப்பான் மாமா. ஆனா வாப்பாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. இந்தக் கலர்னா நான் எங்க நிக்கிறேன்னு சட்டுனு கண்டுபிடிச்சிருவாங்க. அதான் பெருநாள் காசுல வாங்குனேன்’ என்றான்.

கீழே வந்து தாயாரிடம் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு அவரே தொலைபேசியில் கணவரிடம் பேசி ஓர் ஏற்பாடு செய்தார். நள்ளிரவு ஆட்டம் இனி இல்லை. வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. ஜும்ஆ முடிந்து உணவருந்தி அவர் ஓய்ந்திருக்கையில், இங்கே பையன் பள்ளி விட்டு வந்து அஸரும் தொழுதிருப்பான். அப்போது இரண்டு ஆட்டங்கள். பையன் மூன்று கேட்டான். வாப்பா ஊருக்கு வரும்போது மூன்று என்று முடிவாயிற்று. இதை நாம் எழுதும் வரை நான்கு வெள்ளிக்கிழமைகள் அவ்வாறே நடந்திருக்கின்றன. தங்கத்திலிருந்து வெள்ளிக்கு இறங்கிவிட்டதாகப் பையன் சொன்னான்.