ஔலியில் சறுக்கினேன்!

மருங்காபுரியில் பிறந்தவளுக்குப் பனி என்றால் என்ன? மார்கழி விடியலில் கோலப் பொடியை நனைப்பது; அவ்வளவுதான். அப்பேர்ப்பட்ட என் காலில் இரண்டு நீளப் பட்டைகளை மாட்டி, இமயமலைச் சரிவில் நிறுத்திவிட்டார் என் கணவர்!

இடம் ஔலி; உத்தராகண்டில், 2,500 மீட்டருக்கும் மேலே. அடிவாரத்து ஜோஷிமட்டைத் தெரியுமோ? ஸ்ரீரங்கத்துப் பாட்டிமாரைக் கேளுங்கள். "திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி அல்லவா அது!" என்பார்கள்.

குல்மார்க்கின் கூட்டம் இங்கே இல்லை. எதிரே 7,816 மீட்டர் நந்தாதேவி, சுற்றிலும் தேவதாரு மரங்கள், ஒரே நிசப்தம். புடவைக்கு வேலை இல்லை, கால்சட்டைதான். (மாமியாரிடம் சொல்லிவிடாதீர்கள்!)

வேகம் குறைய, பட்டைகளின் முனைகளைச் சேர்த்துக் குதிகாலை அகட்ட வேண்டும். விழுந்தே தீருவதானால் பக்கவாட்டில் விழ வேண்டும். நான் இரண்டாவது பாடத்தில்தான் முதலில் தேறினேன். பதினோராம் முறை எழுந்து, இருபது கஜ தூரம் விழாமல் சறுக்கினேன் பாருங்கள், அந்தச் சந்தோஷத்தை எழுத வராது!

ஜோஷிமட்டிலிருந்து வரும் 4 கிலோமீட்டர் கம்பிவட ஊர்தியில் ஏற எங்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. 2023 ஜனவரியில் ஊரே மண்ணில் இறங்கி, நூற்றுக்கணக்கான வீடுகள் வெடித்தபோது அதை நிறுத்திவிட்டார்கள். ஜீப்பில்தான் போய் வந்தோம்.

ஜோஷிமட்டில் நாங்கள் தங்கிய வீட்டு அம்மாள், சுவர் விரிசலின் குறுக்கே ஒட்டிய காகிதத்தைக் காட்டினாள். அது கிழிந்தால் விரிசல் வளர்கிறதாம். அன்று கிழியவில்லை. ஆனாலும் சப்பாத்தி இட்டுக்கொண்டே இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.