நான்கு நாளில் ஏற்கப்பட்ட கட்டுரை

வட இந்திய நகரம் ஒன்றின் மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவத் துறையில் உதவிப் பேராசிரியராக இருப்பவர் அவர். காசநோய்க்கு ஆறு மாத மருந்தைத் தொடங்கியவர்கள் ஏன் இடையில் நிறுத்திவிடுகிறார்கள் என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. இரண்டு ஆண்டுகள், நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள். கூலி வேலைக்குப் போகும் முன் பிடிக்க வேண்டும் என்பதற்காக விடியற்காலையில் போய்ப் பார்த்த நோயாளிகளே அதிகம். அவர்களில் ஒரு முதியவர், எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லி முடித்த பிறகு, "இதையெல்லாம் எழுதினால் யார் படிப்பார்கள்?" என்று கேட்டார். "மருத்துவர்கள் படிப்பார்கள், பெரியவரே" என்று இவர் சொன்னார். அப்போது அதை அவர் மனமார நம்பியே சொன்னார்.

கட்டுரை எழுதி முடித்தபோது பதவி உயர்வு நேர்காணலுக்குச் சில மாதங்களே இருந்தன. அந்த வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. மதிப்புக்கும் போற்றுதலுக்கும் உரிய பேராசிரியர் என்று விளித்து, அடுத்த வரியிலேயே அவரை ஐயா ஆக்கி, அவருடைய உன்னதமான படைப்புக்காக இதழ் காத்திருப்பதாகச் சொன்ன கடிதம் அது. இதழின் பெயரில் 'சர்வதேச' என்ற சொல்லும் 'மேம்பட்ட' என்ற சொல்லும் இருந்தன. தாக்கக் காரணி என்று ஓர் எண்ணும் பளிச்சென்று இருந்தது. அவர் அனுப்பினார். நான்காம் நாள் கட்டுரை ஏற்கப்பட்டது. மதிப்பாய்வாளர் குறிப்பு என்று ஒரு வரிகூட இல்லை. இணைப்பில் இருந்தது கட்டண ரசீது மட்டுமே.

அந்த நான்கு நாள்தான் அவரை உறுத்தியது. எழுதுவதற்குத் தாம் எட்டு மாதங்கள் எடுத்துக்கொண்ட ஒன்றை, முன்பின் அறியாத இருவர் நான்கு நாளில் படித்து, ஒரு கேள்வியும் எழாமல் ஒப்புக்கொண்டிருக்க முடியுமா? திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதினார். அதற்கும் தனிக் கட்டணம் உண்டு என்று பதில் வந்தது. அவர் எதையும் செலுத்தவில்லை, பதிப்புரிமைப் படிவத்திலும் கையெழுத்திடவில்லை. ஆனாலும் அடுத்த வாரம் கட்டுரை அவர்கள் தளத்தில் ஏறியிருந்தது.

இத்தகையவற்றை ஆய்வுலகம் வேட்டை இதழ்கள் என்று குறிப்பிடுகிறது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக நூலகர் ஜெஃப்ரி பீல் இப்பெயரை வழக்குக்குக் கொண்டுவந்து, அத்தகைய பதிப்பகங்களின் பட்டியல் ஒன்றைப் பராமரித்தார். 2017 ஜனவரியில் அது நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே, 2013இல், 'சயன்ஸ்' இதழுக்காக ஜான் போஹனன் ஒரு சோதனை நடத்தினார். பாசிக்காளானிலிருந்து எடுத்த பொருள் புற்றுநோய்ச் செல்களைத் தடுக்கிறது என்று, வெளிப்படையான பிழைகள் மலிந்த போலிக் கட்டுரையை 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றன, 98 இதழ்களே மறுத்தன. அனுப்பப்பட்ட இதழ்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தியாவிலிருந்து இயங்கியவை. ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் பதிப்பகத்தின் மீது அமெரிக்க வணிக ஆணையம் 2016இல் வழக்குத் தொடுத்தது. முறையான மதிப்பாய்வு நடப்பதாகப் பொய் கூறியது, கட்டணத்தை முன்கூட்டித் தெரிவிக்காதது ஆகியவை குற்றச்சாட்டுகளுள் சில. 2019 மார்ச்சில் நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்த உத்தரவிட்டது.

இந்தச் சந்தை இங்கே வளர்ந்ததற்கு விதிகளும் ஒரு காரணம். கட்டுரை இருந்தால்தான் பதவி உயர்வு என்று விதித்துவிட்டு, எது நல்ல இதழ் என்று சொல்வதில் நம் அமைப்புகள் நெடுங்காலம் தடுமாறின. இந்திய மருத்துவக் கவுன்சில் 2015இல் ஏற்கத்தக்க தரவுத்தளங்களைப் பட்டியலிட்டபோது இன்டெக்ஸ் கோப்பர்னிகஸையும் அதில் சேர்த்தது. இந்திய மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் பலர் அதைக் கண்டித்து எழுதினர். பின்னாளில் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2022ஆம் ஆண்டு விதிகளில் மெட்லைன், பப்மெட் சென்ட்ரல், ஸ்கோப்பஸ், திறந்த அணுக்க இதழ்களின் அடைவு முதலியவை இடம்பெற்றன. பிற துறைகளிலும் கதை வேறன்று. பல்கலைக்கழக மானியக் குழு தன் பட்டியலிலிருந்து 2018 மே மாதத்தில் 4,305 இதழ்களை நீக்கியது. பிறகு கேர் பட்டியலை உருவாக்கி, 2025இல் அதையும் கைவிட்டுப் பொறுப்பைக் கல்வி நிறுவனங்களிடமே விட்டது.

ஆகவே முடிவு மீண்டும் தனி ஆய்வாளரிடமே வருகிறது. நம் பேராசிரியரும் இம்முறை அவசரப்படாமல் தொடங்கினார். கல்லூரி நூலகர் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் கட்டுரையின் மேற்கோள் பட்டியலில் அடிக்கடி வரும் இதழ்கள் எவை?" என்பதே. பட்டியலை எண்ணிப் பார்த்தபோது நான்கைந்து பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. தாம் யாரைப் படித்து எழுதினாரோ அவர்களே தம்மையும் படிக்கக்கூடியவர்கள். இத்தனை எளிய செய்தி ஏன் முன்பே தோன்றவில்லை என்று அவர் வெட்கப்பட்டார்.

அடுத்து ஒவ்வொன்றையும் சரிபார்த்தார். பப்மெட்டில் ஓர் இதழின் கட்டுரை தென்படுவதும், அவ்விதழ் மெட்லைனில் தேர்ந்தெடுக்கப்பட்டிருப்பதும் ஒன்றல்ல. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் அட்டவணையில் இதழின் பெயரைத் தேடினால் உண்மை நிலை தெரியும். ஐஎஸ்எஸ்என் என்னும் எட்டிலக்க எண் ஓர் அடையாள எண்தான், தரச்சான்று அன்று. நல்ல இதழ்களின் பெயரையும் எண்ணையும் களவாடி நகல் தளம் நடத்துவோரும் உண்டு. ஆதலால் மின்னஞ்சலில் வந்த இணைப்பின் வழியாக அவர் எந்தத் தளத்துக்கும் போகவில்லை. பதிப்பு நெறிமுறைக் குழுவின் முத்திரை இதழின் முகப்பில் இருந்தால் போதாது. அக்குழுவின் உறுப்பினர் பட்டியலில் இதழின் பெயர் இருக்க வேண்டும். ஆசிரியர் குழுவில் உள்ளவர்களுள் இருவரை அவரவர் நிறுவனப் பக்கத்தில் தேடினார். தாங்கள் அந்த இதழில் பணியாற்றுவதாக அவர்களே அங்கே குறிப்பிட்டிருந்தார்கள்.

கட்டணத்தைப் பற்றியும் அவருக்கு ஒரு தெளிவு பிறந்தது. பணம் கேட்பதாலேயே ஓர் இதழ் வேட்டை இதழ் ஆகிவிடாது. மதிப்புமிக்க திறந்த அணுக்க இதழ்கள் பல பெருந்தொகை வாங்குகின்றன. ஏழை நாடுகளுக்கான முழு விலக்குப் பட்டியல்களில் இந்தியா பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஆனால் அத்தகைய இதழ்கள் கட்டணத்தைக் கட்டுரை அனுப்பும் முன்பே வெளிப்படையாகச் சொல்லிவிடுகின்றன. சந்தா முறையில் இயங்கும் பல இதழ்கள் ஆசிரியரிடம் எதுவும் வாங்குவதில்லை. அவர் அத்தகைய ஒன்றையே தேர்ந்தார்.

ஒரு சிக்கல் எஞ்சியிருந்தது. ஒருமுறை வெளியான கட்டுரையை இன்னோர் இதழுக்கு அனுப்புவது நெறிமீறல். நடந்ததனைத்தையும் மறைக்காமல் புதிய இதழின் ஆசிரியருக்கு எழுதினார். பழைய தளத்திலிருந்து அது நீங்கினால் பரிசீலிப்பதாக விடை வந்தது. துறைத்தலைவரின் கடிதம், கல்லூரியின் கடிதம், ஏறத்தாழ மூன்று மாதப் போராட்டம். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் அந்தப் பக்கம் மறைந்தது. எல்லோருக்கும் இப்படி மறைவதில்லை. பலருடைய தரவுகள் அங்கேயே சிக்கிவிடுகின்றன. 2014இல் வேட்டை இதழ்களில் வெளியான கட்டுரைகளின் மாதிரி ஒன்றைப் பின்னர் ஆராய்ந்தபோது, அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை ஐந்தாண்டுகளில் ஒருமுறைகூட மேற்கோள் காட்டப்படவில்லை என்று தெரியவந்தது.

புதிய இதழின் மதிப்பாய்வு ஐந்து மாதங்கள் கழித்து வந்தது. மூன்று பக்கம். அவற்றுள் ஒரு கேள்வி அவரை நாற்காலியிலிருந்து எழச் செய்தது. மருந்தை நிறுத்தியவர்களாக எண்ணப்பட்டவர்களுள் சிலர் வேறு மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்து அங்கே சிகிச்சையைத் தொடர்ந்திருக்கலாமே, நிக்ஷய் பதிவில் சரிபார்த்தீர்களா? அவர் சரிபார்க்கவில்லை. மாவட்டக் காசநோய் அலுவலகத்தின் உதவியோடு ஒவ்வோர் எண்ணாகத் தேடினார். பிழைப்புக்காக ஊர் மாறியவர்களில் கணிசமானோர் மருந்தை விடவே இல்லை. மருந்தைச் சுமந்துகொண்டே போயிருந்தார்கள். நான்கு நாளில் ஏற்கப்பட்ட கட்டுரை அவர்களை 'அக்கறையற்றோர்' என்ற தலைப்பின்கீழ் வைத்திருந்தது. அந்த முதியவரின் பெயரும் அப்பட்டியலில் இருந்தது.

அட்டவணைகளை மாற்றினார், முடிவுரையைப் புதிதாக எழுதினார். கட்டுரை வெளிவர ஓராண்டுக்கும் மேலாயிற்று. அதற்குள் பதவி உயர்வு நேர்காணல் முடிந்து, அவருக்குப் பின் சேர்ந்த ஒருவர் இணைப் பேராசிரியரானார். அந்த இழப்பு அவருக்கு வலிக்கவில்லை என்று சொல்வது பொய்யாகும். சம்பளத்திலும் பணிமூப்பிலும் அதன் சுவடு இன்றும் இருக்கிறது.

சென்ற மாதம் முதுநிலை மாணவர் ஒருவர் கைப்பேசியை நீட்டி, "மேடம், இந்த இதழ் ஒரு வாரத்தில் போட்டுவிடுவார்களாம்" என்றார். அவர் திரையைப் பார்க்கவில்லை.

"இந்த இதழில் நீங்கள் கடைசியாகப் படித்த கட்டுரை எது?"

மாணவர் சற்று யோசித்தார். "ஒன்றும் படித்ததில்லை, மேடம்."

"சரி, உட்காருங்கள். உங்கள் மேற்கோள் பட்டியலைத் திறங்கள்" என்று அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.