டிக்கிக்கு எந்த விரிப்பு?

திருக்கழுக்குன்றம் பக்கத்தில் நெல் வைக்கும் குடும்பம். வீட்டுக்கு ஒரே கார். காலையில் மகளைப் பள்ளியில் விடும் அதே வண்டியின் டிக்கியில்தான் பொட்டாஷ் மூட்டையும் பஞ்சகவ்யா கேனும் ஏறும். ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினம் போய் மீனும் வாங்கி வருவார்கள்.

ஒருநாள் டயர் பஞ்சர். ஸ்டெப்னியை எடுக்க டிக்கியின் அடிப்பலகையைத் தூக்கினார் அவர். பள்ளத்தில் தண்ணீர். தகரத்தில் விரல் நுழையும் ஓட்டை! மீன் கூடையிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீர் கார்ப்பெட் வழியாக இறங்கியிருக்கிறது. சிந்திய பொட்டாஷும் உப்புதானே, ஈரம் பட்டால் இரும்பை அரிக்கும்.

கடையில் முதலில் காட்டியது கார்ப்பெட் மேட். பார்க்க அழகுதான். அவர் மனைவியோ, "ஓரம் உசந்த ரப்பர் தட்டா கொடுங்க. கழுவிக் காயப் போடணும்" என்றார். சரியான பேச்சு. அந்தந்த கார் மாடலுக்கென்றே வார்த்த தட்டு என்றால் மூலையில் இடைவெளி விழாது. தார்ப்பாய் விரித்தால் மடிப்பு வழியாகத் தண்ணீர் ஓடிவிடும்.

ஓட்டையைப் பற்றவைத்து, துரு தடுக்கும் பெயிண்ட் அடித்தாயிற்று. மீனுக்கு இப்போது மூடி போட்ட பெட்டி. மாதம் ஒருமுறை தட்டைத் தூக்கி, அடியில் ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறார்கள். பஞ்சகவ்யா வாசம் மட்டும் போகவில்லை. மகள் இன்னும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறாள்.