உவரிக்கு வடக்கே, வேலை நாட்களில்

அன்புள்ள தோழிக்கு,

திருநெல்வேலியிலிருந்து திசையன்விளை, அங்கிருந்து கடற்கரைக்கு இன்னொரு பஸ். வழியெல்லாம் செம்மண் தேரியும் பனையும். அதைக் கடந்ததும் கோவில் கோபுரம்தான் முதலில் கண்ணில் படுகிறது, கடல் அப்புறம்தான். உவரிக்கு வடக்கே உள்ள சின்ன ஊர் இது. பரதவர் ஊர், மொத்த ஊரும் கத்தோலிக்கர்கள்.

திருவிழாவுக்கா போகிறாய் என்று கேட்டிருந்தாய். இல்லை. கொடியேற்றம், சப்பரம், அசனம், வாணவேடிக்கை பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நீயும் நானும் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவர்கள். கிறிஸ்துமஸ் குடிலும் பள்ளிக்கூட ஆண்டு விழாப் பூசையும் நமக்குத் தெரியும். ஒரு பங்கில் செவ்வாய்க்கிழமை காலையில் என்ன நடக்கிறது, வியாழக்கிழமை சாயங்காலம் யார் யார் வீட்டுக்குப் போகிறார்கள் என்பது தெரியாது. அதைப் பார்க்கத்தான் வந்தேன்.

வாரம் இங்கே சனிக்கிழமை சாயங்காலமே தொடங்கிவிடுகிறது. வள்ளங்களை மணலில் ஏற்றிவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. இது ஊர்க் கட்டுப்பாடு. இந்தக் கரையிலும் குமரி மாவட்டக் கரையிலும் பல ஊர்களில் இதே வழக்கம்தான். எவ்வளவு மீன் பாடு இருந்தாலும் சரி, கடன்காரன் வாசலில் நின்றாலும் சரி, அன்று வலை நனையாது. நாள்கூலிக்கு உழைக்கிற ஒரு ஊர், வாரத்தில் ஒரு நாள் வருமானத்தைத் தானாக விட்டுக்கொடுப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

சனிக்கிழமை இரவு பாடகர் குழு பழகுகிறது. பீடச்சிறுவர்கள் யார் மணி அடிப்பது, யார் தூபம் பிடிப்பது என்று முறை போட்டுக்கொள்கிறார்கள். காலையில் முதல் மணி, இரண்டாம் மணி, பிறகு பூசை. ஆண்கள் ஒரு பக்கம், முக்காடிட்ட பெண்கள் ஒரு பக்கம். அன்றைக்கு வாசித்த வேதாகமப் பகுதிகளையே உலகம் முழுவதும் அநேகமாக எல்லா இலத்தீன் முறைக் கோவில்களிலும் அதே ஞாயிறு வாசிக்கிறார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு, 1969-இல் வகுத்த மூன்றாண்டுச் சுழற்சி அது. மணிலாவிலும் மெக்சிகோவிலும் வாசிக்கிற பகுதியை இங்கே ஒரு பிளஸ் டூ மாணவி மைக் முன்னால் நின்று, ஒரு எழுத்துக்கூடத் தடுக்காமல் வாசித்தாள். நான் தங்கியிருக்கிற வீட்டுப் பாட்டி தன் சிறுவயதில் பூசை இலத்தீனில் நடந்ததைச் சொன்னார். புரியாத பூசை நடக்க நடக்க, பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்களாம்.

பூசை முடிகிற நேரத்தில் அறிவிப்புகள். அதில் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பது கல்யாண ஓலையைத்தான். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்ல வேண்டும் என்று மூன்று முறை வாசிப்பார்கள். அன்று வாசித்தது இரண்டாம் ஓலை. முதல் ஓலைக்கே ஊர் பேசி முடித்திருந்தது.

அதன்பின் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி. கோவிலைச் சுற்றி, வேப்ப மரத்தடியில், பள்ளி வராந்தாவில் என்று வகுப்பு வகுப்பாக உட்கார்கிறார்கள். கற்றுக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் கல்லூரியில் படிக்கிற பெண்கள். சம்பளம் கிடையாது. நான் ஒரு வகுப்பின் ஓரமாக உட்கார்ந்தேன். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் ஒரே குரலில் செபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்டபோது சவேரியார் எழுதிய கடிதம்தான் நினைவுக்கு வந்தது.

பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தது 1542-இல். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1530-களில், பரதவர்கள் கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். ஆனால் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்தவர்களை உட்காரவைத்து செபங்களையும் பத்துக் கட்டளைகளையும் தமிழில் எழுதி வாங்கி, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டார். ஞாயிறுதோறும் ஊரையே கூட்டி, வரிவரியாகச் சொல்லவைத்தார். எல்லா நோயாளிகளின் வீட்டுக்கும் தானே போக முடியவில்லை என்பதால், செபம் தெரிந்த பிள்ளைகளை அனுப்பிவைத்தார். இதையெல்லாம் 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் அவரே விவரிக்கிறார். ஒரு ஊரை விட்டுக் கிளம்பும்போது, செபங்களின் பிரதியை அங்கே வைத்துவிட்டுப் போவார். சொல்லிக்கொடுக்க ஒரு கணக்கப்பிள்ளையை அமர்த்துவார். அந்தக் கணக்கப்பிள்ளைகளின் சம்பளத்துக்கு, போர்த்துக்கல் அரசியின் பாதரட்சைச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த பணத்தைக் கேட்டு வாங்கினார். வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்த அந்தக் கல்லூரிப் பெண், சம்பளம் இல்லாத கணக்கப்பிள்ளை. நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

திங்கள், செவ்வாய் பற்றி அதிகம் சொல்ல இல்லை. திங்கள் விடியுமுன் ஆண்கள் கடலில். காலைப் பூசைக்கு வருபவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம், எல்லாரும் பாட்டிகள். செவ்வாய் அந்தோனியார் நாள். உவரி அந்தோனியார் கோவிலுக்கு வேனில் போகிறார்கள், மதம் பார்க்காமல் சுற்றுவட்டார ஜனம் முழுக்க அங்கே இருக்கிறது. புதன் சகாய மாதா நவநாள்.

ஆனால் அன்பியம் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். பங்கு முழுவதையும் தெருவாரியாகப் பிரித்து, சில பத்துக் குடும்பங்களை ஒரு அன்பியமாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புனிதர் பெயர். முறைவைத்து ஒவ்வொரு வீட்டில் கூடுகிறார்கள். நான் போன வீட்டில் முன்னறையில் பாய் விரித்து, நடுவில் ஒரு மெழுகுவர்த்தி, திறந்த வேதாகமம். குருவானவர் இல்லை. நடத்தியவர் மீன் விற்கிற ஒரு அக்கா. ஏழு படிகளாக அந்தக் கூட்டம் நடக்கிறது: ஆண்டவரை அழைப்பது, பகுதியை வாசிப்பது, மனதில் நின்ற சொல்லை ஒவ்வொருவரும் உரக்கச் சொல்வது, மௌனம், பகிர்வு, இனி என்ன செய்வது என்ற பேச்சு, கடைசியில் மன்றாட்டு. தென்னாப்பிரிக்காவின் லூம்கோ நிறுவனத்தில் உருவான முறை இது. ஆசியா முழுவதும் பரவியிருக்கிறது.

நாலாவது படியின் மௌனத்தில் யாரும் அசையவில்லை. ஐந்தாவதில் ஒரு மாமி, மகன் வளைகுடாவிலிருந்து போன் செய்து பல வாரமாகிறது என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆறாவது படிதான் என்னைப் பிடித்து உட்காரவைத்தது. "என்ன செய்யப் போறோம்?" என்று அக்கா கேட்டதும் பேச்சு தெருக்குழாய்க்கு வந்தது, எரியாத விளக்குக் கம்பத்துக்கு வந்தது, எஞ்சின் பழுதாகி மணலிலேயே கிடக்கிற ஒரு வள்ளத்துக்கு வந்தது. பஞ்சாயத்துக்கு மனு எழுத இரண்டு பேர், வள்ளக்காரர் வீட்டுக்குப் போக இரண்டு பேர், மகன் பேசாத மாமியோடு போய் அந்தப் பையனின் கூட்டாளிக்கு போன் போட ஒருவர். யாருக்கு எது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அடுத்த கூட்டத்தில் அதைத்தான் முதலில் வாசிப்பார்களாம்.

இதே ஊரில் இன்னும் இரண்டு சபைகள் வாரந்தோறும் வீடுகளுக்குப் போகின்றன. ஒன்று வின்சென்ட் தே பவுல் சபை. பாரிசில் 1833-இல் பிரெடரிக் ஓசனாம் என்ற மாணவர் தன் கூட்டாளிகளோடு தொடங்கியது. அப்போது அவருக்கு வயது 20. கூட்டத்தின் முடிவில் ஒரு பை சுற்றி வரும். இரகசியப் பை என்பார்கள். கையை உள்ளே விட்டு எடுப்பதுதான் தெரியும், யார் எவ்வளவு போட்டார் என்பது தெரியாது. அந்தப் பணம் அரிசியாகவும் மருந்தாகவும் பள்ளிக் கட்டணமாகவும் வீடுகளுக்குப் போகிறது.

மற்றது மரியாயின் சேனை. வின்சென்ட் சபையில் உறுப்பினராக இருந்த பிராங்க் டஃப் என்ற அரசு ஊழியர் 1921 செப்டம்பர் 7-இல் டப்ளினில் தொடங்கியது. இவர்கள் இருவர் இருவராகப் போவார்கள். இவர்களுடைய விதி வேறு: பணமோ பொருளோ கொடுக்கக் கூடாது. எதற்கு இப்படி ஒரு விதி என்று முதலில் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு மதியம் அவர்களோடு நானும் போனேன். படுத்த படுக்கையாக இருக்கிற ஒரு பாட்டாவுக்கு முகம் துடைத்துவிட்டு, நகம் வெட்டிவிட்டு, ஜெபமாலை சொல்லி, அவர் பேசுவதையெல்லாம் கேட்டுவிட்டு வந்தார்கள். அவர் பேசியது முழுக்கக் கட்டுமரக் காலத்து வாடைக்காற்று பற்றி. கையில் ஒன்றும் இல்லாமல் போகிறவர்களிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. மனதில் இருப்பதைப் பேசிவிடுகிறார்கள். அரிசி கொண்டு போகிறவரும் வேண்டும், வெறுங்கையோடு போய் உட்காருகிறவரும் வேண்டும். இரண்டையும் பிரித்து வைத்திருப்பதில் நல்ல யோசனை இருக்கிறது.

வியாழக்கிழமை ஒரு சாவு. துக்க மணி ஒவ்வொன்றாக, இடைவெளிவிட்டு அடித்தது. அன்று இந்த ஊர் வள்ளங்கள் கடலுக்குப் போகவில்லை. மணி ஓய்வதற்குள் சேனைப் பெண்கள் அந்த வீட்டில் ஜெபமாலை தொடங்கியிருந்தார்கள். இளைஞர்கள் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டப் போய்விட்டார்கள். அன்பியத்துப் பெண்கள் அண்டாவில் காப்பி போட்டார்கள். யாரும் யாருக்கும் உத்தரவிடவில்லை. நகரத்தில் ஒரு சாவு வீட்டில் நாம் எத்தனை பேருக்கு போன் போட்டு எவ்வளவு அலைந்தோம் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய்.

ஒரு நாள் மணப்பாட்டுக்கும் போய் வந்தேன். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற மணல் குன்றின் மேல் திருச்சிலுவைக் கோவில், 1581-இல் கட்டியது. செப்டம்பர் 14 அங்கே பெரிய திருநாள். குன்றின் கீழே கடலைப் பார்த்த குகை, சவேரியார் தங்கிய இடம். உள்ளே ஒரு கிணறு, அலை அடிக்கிற தூரத்தில் குடிக்கிற நீர். அங்கே நின்றபோது எனக்கு அவரைவிட அவருக்குப் பின் வந்த காலம்தான் மனதில் ஓடியது. ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்ற அண்ட்ரிக் அடிகளார் அரை நூற்றாண்டு இந்தக் கரையில் இருந்து, தமிழ் கற்று, 1578-இல் தம்பிரான் வணக்கம் என்ற தமிழ் நூலை அச்சிட்டார். பிறகு 1759-இல் போர்த்துக்கல் இயேசு சபையாரைத் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து துரத்தியது. 1773-இல் திருத்தந்தையே அந்தச் சபையைக் கலைத்தார். 1838-இல்தான் புதிய மதுரை மிஷனுக்குப் பிரெஞ்சு இயேசு சபையார் வந்தார்கள். இடைப்பட்ட தலைமுறைகளில் குருக்கள் மிகக் குறைவு. செபம் சொல்லிக்கொடுத்து, சாவுக்கு ஜெபமாலை சொல்லி, சாகக் கிடக்கிற குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றித் திருமுழுக்குக் கொடுத்து வாரத்தை ஓட்டியவர்கள் உபதேசியார்களும் ஊர்ப் பெரியவர்களும் வீட்டுப் பெண்களும்தான்.

இன்றும் பங்குத்தந்தை ஐந்தாறு ஆண்டில் மாற்றலாகிப் போய்விடுகிறார். இப்போது இருப்பவர் நல்ல உழைப்பாளி, மாதத்தின் முதல் வெள்ளிக்கு நோயாளிகள் வீடு வீடாக நற்கருணை கொண்டு போகிறார். அவரைப் பற்றிப் பேசும்போது மீன்கார அக்கா சொன்னது: "சாமிமார் வருவாங்க, போவாங்க. நாங்க எங்க போறது?"

ஒரு மனத்தாங்கலையும் எழுதிவிடுகிறேன். நான் மேலே எழுதிய வேலைகளில் குழி வெட்டுவதும் வின்சென்ட் சபையும் தவிர, மற்றதெல்லாம் பெண்கள் தலையில்தான். கோவில் பெருக்குவது, பீடத்துக்குப் பூ கட்டுவது, மறைக்கல்வி, அன்பியம், சேனை. ஆனால் கணக்குவழக்கும் திருவிழாச் செலவும் முடிவாகிற ஊர்க் கமிட்டியில் ஒரு பெண்கூட இல்லை. 1983-இல் வந்த திருச்சபைச் சட்டம், பங்குதோறும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது. அதில் பெண்கள் உட்காரத் தடை எதுவும் இல்லை. தடை ஊர்ப் பழக்கத்தில்தான் இருக்கிறது. அக்காவிடம் இதைக் கேட்டேன். கேட்க ஆரம்பித்திருக்கிறோம், அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுத்தில் கொடுக்கப் போகிறோம் என்றார். அன்பியத்து நோட்டில் அதுவும் ஒரு வரியாக இருக்கிறது. பொறுப்பு இன்னார் என்று பெயரும் போட்டிருக்கிறார்கள்.

நீ வருவதாக இருந்தால் சனி, ஞாயிறு பார்த்து வராதே. செவ்வாய்க்கிழமை கிளம்பி புதன் காலை வந்து சேர். திசையன்விளையில் இறங்கி கடற்கரை பஸ்ஸைக் கேள். உட்கார இடம் கிடைக்கும். பாட்டிக்குக் கருப்பட்டி போட்ட காப்பிதான் பிடிக்கும் என்பதால் உடன்குடியில் நல்ல கருப்பட்டி வாங்கி வைத்திருக்கிறேன். நீ வரும்போது மூட்டுவலித் தைலம் மட்டும் கொண்டு வா. அடுத்த வாரம் அன்பியம் இந்த வீட்டில்தான். பாய் விரிக்க ஆள் வேண்டும் என்று அக்கா இப்போதே சொல்லிவிட்டார்.

அன்புடன்,
உன் தோழி