ஒரு படகு, இரண்டு பேர், ஒரு தூண்டில்

பஹாமாஸ் நாட்டின் ஆண்ட்ரோஸ் தீவுக்கு நண்பர்களோடு தூண்டில் போடப் போகிறவர்கள் புறப்படும் முன்பே ஒன்றைப் பேசி முடித்துக்கொள்வது நல்லது. படகில் இரண்டு பேர் இருந்தாலும் தண்ணீரில் விழும் தூண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அவ்வளவு செலவு செய்து, விமானம் மாறி விமானம் ஏறிப் போய்விட்டு, பாதி நாள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா என்று கேட்கத் தோன்றும். அந்தக் கடலையும் மீனையும் அதை நம்பிப் பிழைக்கும் மக்களையும் சேர்த்துப் பார்த்தால், அந்தப் பாதி நாள்தான் பயணத்துக்கே பொருள் தருகிறது என்பது என் எண்ணம்.

ஆண்ட்ரோஸ் பஹாமாஸிலேயே பெரிய தீவு. அதன் மேற்கே கடல் ஆழமே இல்லாமல் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடக்கிறது. கணுக்கால், முழங்கால், மிஞ்சினால் இடுப்பளவுத் தண்ணீர். அடியில் வெள்ளைச் சுண்ணாம்புச் சேறும் மணலும், நடுநடுவே கடற்புல், ஓரமெல்லாம் கண்டல் காடு. இப்படிப்பட்ட திட்டுகளைத்தான் 'பிளாட்ஸ்' என்கிறார்கள். கடல் ஏறும்போது போன்ஃபிஷ் என்ற மீன் இரை தேடி இதன்மேல் வரும். வற்றும்போது ஆழத்துக்கு இறங்கிவிடும். அதன் பக்கச் செதில்கள் கண்ணாடி மாதிரி. சுற்றியுள்ள மணலின் நிறத்தையே அவை திருப்பிக் காட்டுவதால் மீன் கண்ணில் படாது, தரையில் நகரும் அதன் நிழல்தான் படும். சில நேரம் அது தலையைக் கீழே குத்தி நண்டுக்கும் இறாலுக்கும் மணலைக் கிளறும். அப்போது வால் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே எழுந்து வெயிலில் பளிச்சிட்டு மறையும். அதனால் இங்கே தூண்டிலைப் போட்டுவிட்டுக் காத்திருக்க முடியாது. மீனைப் பார்த்த பிறகுதான் வீச முடியும். படகின் பின்பக்க மேடையில் நின்று கழி ஊன்றும் வழிகாட்டி, படகின் முகப்பைப் பன்னிரண்டு மணியாக வைத்துக்கொண்டு, 'பத்து மணி, நாற்பது அடி' என்று குரல் கொடுப்பார். வீசுகிறவர் கண் அங்கே போய்ச் சேர்வதற்குள் மீன் திரும்பியிருக்கும். கையில் தூண்டில் இல்லாத நண்பரின் கண்ணுக்கு அப்போதுதான் வேலை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து வீசினால் படகு ஆடும், கயிறுகள் பின்னிக்கொள்ளும், மீன்கூட்டம் மொத்தமும் சிதறி ஓடும்.

வீசப்படும் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தாலும் இது விளங்கும். 1977இல் பாப் நாஹைம் என்ற அமெரிக்கர் ஆண்ட்ரோஸில் மீன்பிடித்தபோது உருவாக்கிய போலி இரை 'கிரேஸி சார்லி'. அந்தத் தீவின் பேர்பெற்ற வழிகாட்டி சார்லி ஸ்மித்தின் பெயரே அதற்கு. சின்ன முள் ஒன்று. கண்களுக்கு மணிச்சங்கிலியிலிருந்து வெட்டிய இரண்டு மணிகள். உடம்பில் மினுங்கும் இழை, அதன்மேல் நெருக்கிச் சுற்றிய நிறமற்ற நரம்பு. மேலே ஒரு சிட்டிகை இறகு. மணிகளின் கனத்தால் அது தண்ணீருக்குள் குப்புறத் திரும்பிக்கொள்ளும். முள்ளின் முனை மேலே பார்த்து நிற்பதால் தரையோடு இழுத்தாலும் புல்லில் அவ்வளவாக மாட்டாது. உள்ளங்கையில் வைத்தால் கனமே தெரியாத இதைக் காற்றில் சுமந்து போவது தூண்டில் கயிற்றின் கனம்தான். அதை மீனின் முகத்துக்கு முன்னால் சத்தமில்லாமல் இறக்க மனம் ஒருநிலைப்பட வேண்டும். பக்கத்தில் இன்னொரு தூண்டிலும் போட்டியாகப் பறந்துகொண்டிருந்தால் அது நடக்காது.

பிடித்த மீனைச் சமைக்கவும் மாட்டார்கள், திரும்ப விட்டுவிடுவார்கள் என்றால் அது உயிரோடு விளையாடுவதில்லையா? மீனைச் சோறாகப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது உறுத்தும், உறுத்துவதும் நியாயம். விட்ட மீனெல்லாம் பிழைத்துக்கொள்கிறது என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. பஹாமாஸ் கடலில் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், சுறாக்கள் மிகுந்த இடத்தில் விடப்பட்ட போன்ஃபிஷ்களில் ஏறக்குறைய 40 சதவீதம் சுறாக்களுக்கு இரையாகின. எலூதரா தீவில் நடந்து 2007இல் வெளியான இன்னோர் ஆய்வு, விட்டதும் நிலைகுலைந்து சாயும் மீன் இரையாகும் வாய்ப்பு ஆறு மடங்குக்கும் மேல் என்று கண்டது. நெடுநேரம் இழுத்துக் களைக்க வைப்பதும், தண்ணீருக்கு வெளியே தூக்கிப் பிடித்துப் படம் எடுப்பதும்தான் மீனை அந்த நிலைக்குத் தள்ளுகின்றன. நண்பர்கள் கூட்டத்தில் இந்த ஆபத்து இன்னும் கூடுகிறது. அவன் எட்டு பிடித்தான், நான் ஐந்துதான் என்ற கணக்கும், ஆளுக்கொரு படம் வேண்டும் என்ற ஆசையும் மீனின் உயிரில்தான் போய் முடியும். ஒரே தூண்டில் என்றால் முள்ளில் மாட்டும் மீனும் குறையும்; சும்மா இருக்கும் நண்பர் சுறாவின் நிழல் தெரிகிறதா என்று சுற்றிலும் பார்க்கலாம், தெரிந்தால் விடுவதற்கு வேறு இடம் தேடச் சொல்லலாம். கையை நனைத்துக்கொண்டு, மீனைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றவும் அவர் துணை இருப்பார்.

இவ்வளவு தெரிந்த பிறகு அடியோடு நிறுத்திவிடலாமே என்பதற்கு என்னிடம் முழு மனதான பதில் ஒன்றுண்டு. பார்த்தால் பயனற்ற சேற்றுக்கரையாகத் தெரியும் இந்தத் திட்டுகளைக் காப்பாற்றி வைத்திருப்பதில் தூண்டில்காரர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் பெரிய பங்கு இருக்கிறது. இந்த மீன்பிடிப்பால் பஹாமாஸ் பொருளாதாரத்துக்கு ஆண்டுக்கு 14 கோடி டாலருக்கு மேல் சேர்கிறது என்று 2010இல் வந்த ஒரு மதிப்பீடு சொன்னது. நகரத்து வேலை எட்டாத தீவுகளில் வழிகாட்டி, படகுக்காரர், சமையல்காரர் வீடுகளுக்கு அந்தப் பணம் போகிறது. ஆண்ட்ரோஸின் மேற்குக் கரையில் 2002இல் அமைந்த தேசியப் பூங்கா 2012இல் இன்னும் விரிந்தது. 2017 முதல் வெளிநாட்டார் இந்தத் திட்டுகளில் மீன்பிடிக்க உரிமம் வாங்க வேண்டும். வாலறுந்த மீனும் வெட்டப்பட்ட கண்டலும் தங்கள் பிழைப்பைக் கெடுக்கும் என்று அறிந்த ஒரு தலைமுறை அங்கே இருக்கிறது. உள்ளூர்க்காரர் ஒருவர் தன் வீட்டு அடுப்புக்கு ஒரு போன்ஃபிஷ் பிடித்தால் அதைக் குறைசொல்ல வெளியிலிருந்து போகிறவருக்கு எந்தத் தகுதியும் இல்லை. நம் கணக்கை நாம் குறைத்துக்கொள்வதே முறை.

தூண்டில் குறைந்தால் வழிகாட்டியின் வருமானமும் குறையாதா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. குறையாது. அங்கே கூலி படகுக்கும் நாளுக்கும் பேசப்படுகிறது. எத்தனை மீன், எத்தனை தூண்டில் என்று பேசப்படுவதில்லை. நான்கு நண்பர்கள் போனால் இரண்டு படகு, இரண்டு வழிகாட்டி, இரண்டு வீட்டுக்குக் கூலி. ஒரு மீன் பிடித்ததும், அல்லது அரை மணி ஆனதும், முகப்பில் நிற்பவர் கயிற்றைச் சுருட்டித் தூண்டிலை நண்பர் கையில் கொடுத்துவிட்டு, வெயில் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு, தண்ணீரைப் பார்க்க உட்காரலாம்.